எல்லாம் எதுக்குக் கீது?

பிப்ரவரி 23, ஞாயிறு

எழுத்து கோணலாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும். கோட்டின் மேல் உட்கார வேண்டியவை கோட்டுக்குக் கீழே தொங்குகின்றன. ஒன்று பெரிதாகவும் பக்கத்தில் இருப்பது பொடியாகவும் வருகிறது. முப்பது வருடம் கொக்கி போட்டு மூட்டை இழுத்த கை இது. பேனாவையும் கொக்கி என்று நினைத்து இறுக்குகிறது.

யாரிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறேன்? இதைப் படிக்கப் போகிறவன் நான் ஒருவன்தான். ஆனால் அதுவே எனக்குப் பெரிய விஷயம். நான் எழுதியதை நானே படிப்பேன்!

பெயர் அப்துல் வஹாப். வீடு தண்டையார்பேட்டையில். துறைமுகத்தில் கப்பலின் அடியறையில் மூட்டை கட்டி மேலே அனுப்பிய வேலை. ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆயிற்று. போன வருடம் மாநகராட்சிப் பள்ளியில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு ஆரம்பித்தார்கள். மாயா டீச்சர் சொல்லிக் கொடுக்கிறார். தினமும் நடந்ததை நாலு வரி எழுதுங்கள் பாய் என்று அவர்தான் சொன்னார். என் வீட்டுக்காரி பதுருன்னிசா, "கபர்ஸ்தானுக்குப் போற வயசுல இஸ்கூலுக்குப் போறாரு" என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குப் பென்சில் சீவி வைப்பதும் அவள்தான்.

கல்மண்டபம் போகிற வழியில் ஒரு சுவர் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து அந்தச் சுவர் எனக்குப் பழக்கம். அதில் எழுதியிருப்பது "இங்கே சிறுநீர் கழிக்காதீர்" என்பதாம். போன மாதம்தான் படித்தேன். எத்தனை தடவை அங்கே... வேண்டாம், எழுதவில்லை.

இன்றைக்கு அம்புரோஸ் வீட்டுக்குப் போனேன். ராயபுரத்தில் இருக்கிறான். என் தோஸ்து. கப்பலின் மேல்தட்டில் விஞ்ச் ஓட்டியவன். நான் அடியறையில் கட்டுவதை அவன் எந்திரத்தால் மேலே தூக்குவான். அவன் கை தப்பினால் என் தலை போகும். தப்பியதில்லை. அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. அரசு ஆஸ்பத்திரியில் ரத்தத்தை எந்திரத்தில் விட்டுக் கழுவித் திரும்ப உள்ளே அனுப்புகிறார்கள். முடிந்து வந்தால் துவைத்த துணி மாதிரி கிடக்கிறான்.

அவனைச் சிரிக்க வைக்கலாம் என்று வீட்டில் இருந்ததையெல்லாம் சத்தமாகப் படித்தேன். காலண்டர், மாவு டப்பா, மாத்திரை அட்டை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவன், "எல்லாத்து மேலயும் அது இன்னான்னு எயுதிக்கீது. எதுக்குக் கீதுன்னு எங்கனா எயுதிக்கீதா பாரு" என்றான்.

"மாத்திரை எதுக்குன்னு இதுல போட்டுக்கீதுடா."

"மாத்திரைக்குப் போட்டுக்கீது. மாத்திரை துன்றவனுக்கு?"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "நானு, நீ, கடலு, எண்ணூர்ப் பொகை, ஆகாசம், எல்லாம் எதுக்குடா கீது? ஒண்ணுமே இல்லாம இருந்திருந்தா இன்னா கெட்டுப் பூட்டிருக்கும்?"

டீ ஆறிப் போயிற்று. எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

மனது சரியில்லை.

சாயந்திரம் போனபோது அவன் வீட்டுக்காரி சிலுவையம்மாள் படிக்கட்டிலேயே என்னை நிறுத்தினாள். "அண்ணே, நிறுத்திடறேன்னு சொல்லிக்கினு கீறாரு. ஆஸ்பத்திரிக்கே இனிமே வரமாட்டாராம். நிறுத்தினா ரெண்டு வாரம் தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

நான் சொன்னால் எங்கே கேட்டிருக்கிறான்? இருந்தாலும் உள்ளே போய்த் திட்டினேன். அவன் பொறுமையாகக் கேட்டான். அப்புறம் சொன்னான்: "சரி மாமு. ஒரு பேச்சு. ரம்ஜான் பெருநாளைக்கு உன் வூட்டு பிரியாணி துன்னுட்டு நிறுத்திக்கிறேன். அதுவரைக்கும் ஒயுங்கா போறேன். அதுக்குள்ள அந்தக் கேள்விக்கு ஒரு பதில் கொண்டா. நீதான் இப்ப படிச்சவனாச்சே."

"எந்தக் கேள்வி?"

"எதுக்கு எதுனா கீதுன்னு. சரியான பதிலா இருந்தா நான் நிறுத்தல."

விளையாட்டாகச் சொல்கிறானா? முகத்தைப் பார்த்தேன். விஞ்ச் பிடியில் கை வைத்திருக்கும்போது எப்படி இருப்பானோ அப்படி இருந்தான்.

ஆனா ஆவன்னா முடித்தவனிடம் இதைக் கேட்கிறான்.

பிப்ரவரி 28, வெள்ளி

வகுப்பு முடிந்து மற்றவர்கள் போனதும் மாயா டீச்சரிடம் கேட்டேன். ஆதியில் எல்லாம் ஒரு புள்ளிக்குள் இருந்து, வெடித்துப் பரவியது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள் என்றார். அந்தப் புள்ளி எதற்கு இருந்தது என்றேன். டீச்சர் சாக்பீசைக் கீழே வைத்துவிட்டார்.

"தெரியாது பாய். யாருக்கும் தெரியல. எனக்கு எட்டு வயசுல இது தோணிச்சு. எதுவுமே இல்லாம இருந்திருந்தான்னு நெனைச்சேன். பயந்துபோய் எங்கம்மாகிட்ட ஓடிப் படுத்துக்கிட்டேன்."

அப்புறம் வாசல்வரை வந்தவர் ஒன்று சொன்னார். ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான் இயல்பு, இருப்பதற்கு மட்டும் காரணம் வேண்டும் என்று நாம் ஏன் நினைக்கிறோம்? ஒருவேளை இருப்பதுதான் இயல்போ? இல்லாமல் இருந்திருந்தால் அல்லவா, ஏன் இல்லை என்று கேட்க வேண்டும்?

வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். தெரு வந்ததும் மறந்துவிட்டது. நின்று யோசித்து மறுபடி பிடித்தேன். அதனால்தான் உடனே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 2, ஞாயிறு

முதல் நோன்பு. தாகம் அதிகம் இல்லை.

நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் உட்கார்ந்திருந்தபோது தொழுகை நடத்தும் ஹஜ்ரத்திடம் கேட்டேன். "படைச்சவன் நாடினான், ஆச்சு" என்றார். எதற்கு நாடினான் என்று கேட்டேன். தட்டை என் பக்கம் நகர்த்தினார். "பாய், பாங்கு சொல்லப் போறாங்க. பேரீச்சம்பழத்தை எடுங்க."

தொழுகை முடிந்து செருப்பு போடும்போது அவரே வந்து தோளில் கை வைத்தார். யாருக்காகக் கேட்கிறீர்கள் என்றார். சொன்னேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன், அதற்கு மேல் எனக்குச் சொல்லப்படவில்லை என்றார். உங்கள் நண்பருக்கு துஆ செய்கிறேன், நீங்கள் தினமும் போய்ப் பாருங்கள் என்றார்.

மார்ச் 5, புதன்

அவர்களுக்குத் தவக்காலம் இன்று ஆரம்பம். சிலுவையம்மாள் காலையிலேயே மாதா கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் வைத்துக்கொண்டு வந்தாள். அம்புரோசுக்கு நடக்க முடியாது. தன் நெற்றியிலிருந்து கொஞ்சம் எடுத்து அவன் நெற்றியில் தடவினாள். "நீயும் பட்டினி, இவளும் பட்டினி. நான் மட்டும் மாத்திரை துன்னுகினு கீறேன்" என்றான்.

டீச்சர் சொன்னதைச் சொன்னேன். இல்லாமல் இருப்பதுதான் இயல்பு என்று யார் சொன்னது?

"அடேய், கப்பல்ல மொத்த மூட்டையும் எறக்கிட்டா அடியறை இன்னாவா கீது?" என்றான் அம்புரோஸ்.

"காலியா கீது."

"அதான் இயல்பு. மூட்டைதான் அப்பால வர்றது."

"காலின்னாலும் அடியறை கீதேடா. நான் உள்ள நின்னுகினு கீறனே."

"உன்னையும் தூக்கிட்டேன்னு வெச்சிக்கோ."

"கப்பல் கீது."

"கப்பலை ஒடைச்சுட்டேன்."

"கடல் கீது."

"கடலையும் எறைச்சுட்டேன்டா!"

"எறைச்சதை எங்க ஊத்தினே?"

இதற்குத்தான் சிரித்தான். இருமல் வந்துவிட்டது. சிலுவையம்மாள் ஓடி வந்து முதுகைத் தடவினாள். ஒரு மடக்குத் தண்ணீர் கேட்டான். அவளிடம் ஒரு பாட்டில் இருக்கிறது. ஒரு நாளைக்கு அவனுக்கு அவ்வளவுதான் தண்ணீர். சின்ன டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பாதிக்குக் கீழே போயிருந்தது. டீயைக்கூட அந்தக் கணக்கில்தான் கழிக்கிறாள்.

மார்ச் 8, சனி

செய்தித்தாளில் ஒரு முழுப் பத்தி தடங்கல் இல்லாமல் படித்தேன். சாத்தாங்காட்டில் இரும்பு விலை ஏறியிருக்கிறதாம். எனக்கு இரும்பு வேண்டாம். இருந்தாலும் சந்தோஷம்.

மார்ச் 11, செவ்வாய்

மருந்துக் கடை வாசலில் "சில்லறை இல்லை" என்று பலகை. பக்கத்து வீட்டில் "வீடு காலி இல்லை". இல்லாததைச் சொல்வதற்கும் ஒரு பலகை, ஒரு ஆணி, ஒரு சுவர் வேண்டியிருக்கிறது என்று தோன்றியது. அம்புரோசிடம் ஓடிப் போய்ச் சொன்னேன்.

"பலகையைக் கயட்டு, ஆணியைப் புடுங்கு, செவுத்தை இடி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இன்றைக்கு டயாலிசிஸ் நாள். கோபம் கேள்வி மேல் இல்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு மாதிரி இருந்தது.

மார்ச் 15, சனி

அல்ஹம்துலில்லாஹ். நல்ல நாள்.

இந்த வருடம் அம்புரோசுக்கு நோன்புக் கஞ்சி கொண்டுபோகவில்லை. எதை வாயில் வைத்தாலும் குமட்டுகிறது என்று தள்ளிக்கொண்டிருந்தான், அதனால் நான் கேட்கவும் இல்லை. இன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்தவன் தானாகவே கேட்டான்: "ஏன்டா, எங்க கஞ்சி? வருசா வருசம் வரும். இந்த வருசம் உங்க பள்ளிவாசல்ல அடுப்பு எரியலியா?"

எனக்குக் காது கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. அவன் வாயால் ஒன்றைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு சாயந்திர அசர் தொழுகைக்கு முன்பே வரிசையில் நின்றேன். எங்கள் பள்ளிவாசல் கஞ்சிக்கு எல்லாத் தெருக்காரர்களும் வருவார்கள். கோயில் பூசாரி வீட்டுப் பெண் எனக்கு முன்னால் நின்றாள். சட்டி திறந்தால் பூண்டும் தேங்காய்ப்பாலும் வெந்தயமும் தெருமுனை வரைக்கும் மணக்கிறது. நோன்பாளிக்கு அதுதான் பெரிய சோதனை.

தூக்கு நிறைய வாங்கிப் போனேன். ஒரு கிண்ணம் குடித்தான். இன்னொன்று கேட்டான்.

சிலுவையம்மாள் மட்டும், "அண்ணே, தவக்காலம். கறி துன்னக் கூடாது. இதுல கறி போட்டுக்கீறாங்களே" என்றாள்.

"எங்கடி கறி? கண்ணுல படுதா? கொத்தினது, கரைஞ்சது, அது கறியே இல்ல" என்றான் அம்புரோஸ்.

அவளும் சிரித்துவிட்டாள். மூன்றாவது கிண்ணத்தை அவளே ஊற்றினாள்.

மார்ச் 16, ஞாயிறு

இன்றும் கஞ்சி. "கொஞ்சம் காரம் கம்மி" என்று குற்றம் சொல்லிக்கொண்டே குடித்தான். குற்றம் சொல்கிறான் என்றால் ஆள் தேறுகிறான்.

மார்ச் 17, திங்கள்

இன்றும். தூக்கையே வழித்துவிட்டான். கண் கொஞ்சம் வீங்கியிருந்தது. தூக்கமாக இருக்கும் என்றாள் சிலுவையம்மாள்.

மார்ச் 18, செவ்வாய்

இன்னா எயுதறதுன்னு தெரியல.

காலைத் தொழுகை முடிச்சு வர்றேன், போன். சிலுவையம்மா அழுவுறா. ஓடினேன். அம்புரோஸ் ஜன்னல் கம்பியைப் புடிச்சுகினு உக்காந்துகீறான். படுக்க முடியல. வாயைத் தொறந்து தொறந்து மூச்சு வாங்குறான். கரையில போட்ட மீனு. காலு ரெண்டும் தூண் மாதிரி. ஆட்டோவில ஏத்தினோம். என் கையைப் புடிச்சான் பாரு, எலும்பு நொறுங்கிடும் போல. ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் விடல.

நர்ஸ் கேட்டாங்க, இன்னா குடிச்சாருன்னு. ஒண்ணும் குடிக்கல, பாட்டில் கணக்குதான்னு சிலுவையம்மா பாட்டிலை எடுத்துக் காட்டினா. ஆட்டோவுலயும் அதைக் கையில வெச்சுகினே வந்திருக்கா. வேற இன்னா சாப்பிட்டாரு? நான்தான் சொன்னேன். கஞ்சிம்மா. கஞ்சி மட்டும்தான்.

நர்ஸ் நெத்தியில அடிச்சுகினாங்க. "கஞ்சின்னா இன்னா பாய்? தண்ணிதானே! அதுல உப்பு வேற!"

எனக்குத் தோணவே இல்லை. அவளுக்கும் தோணல. கஞ்சின்னா சோறு. சோறு துன்னா தெம்பு. பொறந்ததுலேர்ந்து எங்க வூடுங்கள்ல அப்படித்தான். டீயைக் கழிச்சவ கஞ்சியைக் கழிக்கல. மூணு நாளா நான் தூக்குத் தூக்கா அவனுக்கு...

யா அல்லாஹ். அவனைக் காப்பாத்து.

மார்ச் 19, புதன்

மூச்சு சீராகிவிட்டது. எந்திரம் தண்ணீரை எடுத்துவிட்டதாம். நாலைந்து நாள் வார்டில் இருக்க வேண்டும்.

நான் தலை குனிந்து நின்றேன். கண்ணைத் திறந்து பார்த்து, "கஞ்சி நல்லாத்தான்டா இருந்துச்சி" என்றான்.

மார்ச் 21, வெள்ளி

ஜும்மா முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சிலுவையம்மாள் அவன் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்டேன். "ஒண்ணுமே இல்லாம இருந்தா இன்னான்னு கேட்டியே. அப்பால ஏன்டா என் கையை அப்படிப் புடிச்சே?"

"அது நான் இல்ல. ஒடம்பு. ஒடம்புக்கு இந்தக் கேள்வியெல்லாம் தெரியாது."

"உனக்கு இன்னா தோணிச்சு அப்ப?"

யோசித்தான். "எதுக்குக் கீதுன்னு தோணல. கீதேன்னு தோணிச்சு. ஜன்னல் கம்பி கீதே, எதிர் மாடியில துணி காயுதே, எல்லாம் இவ்ளோ கீதே, எனக்கு இதுல ஒரு முயுங்குக் காத்து இல்லியேன்னு."

அப்புறம் அவன் மெதுவாக, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "உலகம் எதுக்கோ இருந்துட்டுப் போவட்டும்டா. நான் எதுக்கு? வாரம் மூணு நாள் இவ அந்த வராந்தாவுல தரையில உக்காந்துகினு கீறா. முட்டி வலி. நான் இல்லேன்னா வூட்ல ஒயுங்கா படுப்பா."

அப்படியென்றால் அதுதான் கேள்வியா? ஆகாசம், கடல், எண்ணூர்ப் புகை என்று சுற்றிச் சுற்றி அவன் கேட்டது இதையா? ஒரு மாதமாக நான் எங்கெங்கோ போய் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

சிலுவையம்மாள் சட்டையை விட்டெறிந்தாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"யாரு உன்கிட்ட சொன்னது, நான் கஷ்டப்படறேன்னு? கண்ணாலம் ஆனதுலேர்ந்து நாலு மணி நேரம் சும்மா உக்காந்து கீறனா நானு? மீன் ஆய, துணி தொவைக்க, புள்ளைங்க, உங்கம்மா. அந்த வராந்தாவுல எனக்கு எட்டு பேரு சிநேகிதம். ஜெபம் சொல்றோம், கதை பேசறோம், ஒருத்தி ஊறுகா கொண்டாறா. செவ்வாக்கெயமை எப்ப வரும்னு கீறேன் நானு. முட்டி வலிக்குதாம் எனக்கு. வூட்ல இருந்தா வலிக்காதா?"

அம்புரோஸ் அந்தச் சட்டையை எடுக்கக் கையை நீட்டினான்.

"எதுக்கு, எதுக்கு, எதுக்கு! நான் எதுக்குன்னு கேட்டுகினா உன்னைக் கட்டிக்கினேன்? கேட்டிருந்தா கட்டியிருப்பனா இந்த மூஞ்சியை?"

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் கைதட்டினார். நர்ஸ் வந்து எல்லோரையும் அதட்டி, என்னை வெளியே அனுப்பினார்.

மார்ச் 22, சனி

வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டோவில் அம்புரோஸ் சிலுவையம்மாள் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

மார்ச் 26, புதன்

காலையில் காசிமேட்டுப் பக்கம் நடந்தேன். படகுகளின் பெயரையெல்லாம் படித்தேன். ஒரு படகில் பெயரே இல்லை, பெயின்ட் உதிர்ந்து மரம் தெரிந்தது. அதையும் நின்று பார்த்தேன். எனக்கு அலுக்கவில்லை. எனக்கு ஏன் எதுவும் அலுப்பதில்லை? அம்புரோசுக்கு வந்த கேள்வி எனக்கு வந்திருந்தால் நான் பயந்திருப்பேனா? அவன் கேட்டது துக்கத்தில். ஆனால் அதே கேள்வி எனக்குள் புகுந்ததிலிருந்து, பார்க்கிறதெல்லாம் இன்னும் அதிகமாக இருக்கிற மாதிரி இருக்கிறது. இதை எப்படி எழுதுவது? ஐஸ் பெட்டி. கயிறு. எச்சில் துப்புகிற ஒரு ஆள். ஒன்றும் இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் இருக்கிறது. எச்சில் துப்புகிறவர் உட்பட.

பதில் என்று ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததற்குக் காரணம் மட்டும் ஒன்று புரிந்த மாதிரி இருக்கிறது. ஒரு மூட்டை எதற்கு இருக்கிறது என்றால் கோதுமையைக் காட்டலாம். கோதுமை எதற்கு என்றால் பசியைக் காட்டலாம். ஒன்றைத் தூக்க வேண்டுமென்றால் விஞ்ச் வெளியே, மேலே நிற்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கயிற்றில் கட்டித் தூக்கு என்றால், விஞ்ச் எங்கே நிற்கும்? ஹஜ்ரத்துக்கு அதற்குப் பதில் இருக்கிறது. எனக்கும் ஈமான் இருக்கிறது, விஞ்ச் படைச்சவன் கையில்தான். ஆனால் எதற்குத் தூக்கினான் என்று அடியறையில் நிற்கிறவனுக்குத் தெரிய வழியில்லை. கட்டினது சரியாக மேலே போகிறதா என்றுதான் பார்க்கலாம்.

இவ்வளவு நீளமாக நான் எழுதியதே இல்லை. விரல் வலிக்கிறது.

மார்ச் 31, திங்கள்

ஈத் பெருநாள்.

பதுருன்னிசா அம்புரோசுக்கென்று தனியாக ஒரு சின்னச் சட்டியில் பிரியாணி வைத்தாள். உப்பு குறைச்சல், தக்காளி இல்லை, நர்சிடம் போனில் கேட்டுக் கேட்டுச் செய்தாள். "இவரு கொண்டுபோற எதையும் நர்சம்மாவைக் கேக்காம வாயில வெக்க வேணாம்னு சொல்லுங்க" என்று என் காதுபடவே சிலுவையம்மாளிடம் போனில் சொன்னாள்.

இதுதான் அவன் சொன்ன நாள். நாளைக்குச் செவ்வாய், டயாலிசிஸ் நாள்.

அவன் முன்னால் தட்டு வைத்தாள் சிலுவையம்மாள். எலும்பு இல்லாத இரண்டு துண்டு, நாலு வாய்ச் சோறு. அவளுக்குத் தவக்காலம், தொடவில்லை. ஆனால் மூடியைத் திறந்து மணம் மட்டும் பார்த்தாள்.

நான் சொல்லிவிட்டேன். "டேய், பதில் கெடைக்கல." விஞ்ச் கதையைச் சொன்னேன்.

மென்றுகொண்டே கேட்டான். அவனுக்கு விஞ்ச் தெரியும், அதனால் நடுவில் பேசவில்லை. தட்டைக் காலி பண்ணினான். விரலைத் துடைத்தான்.

"உப்பே இல்ல" என்றான்.

"நாளைக்கு இன்னா பண்ணப் போறே?"

"போடா. பெருநாளும் அதுவுமா. வூட்டுக்குப் போய்த் தூங்கு."

அவ்வளவுதான். நான் சிலுவையம்மாளைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலையில் ராயபுரம் போனால் வீடு பூட்டியிருக்கிறது. எதிர்வீட்டுப் பெண் சொன்னாள்: "அப்பவே கெளம்பிட்டாங்க பாய். தாத்தாதான் அவசரப்படுத்திகினு போச்சு."

எங்கே என்று கேட்காமலே ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சிலுவையம்மாள் இன்னும் ஏழெட்டுப் பெண்களோடு துணி விரித்து உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏதோ ஒன்றுக்கு எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் தலையால் உள்ளே காட்டினாள்.

நர்சிடம் கெஞ்சி ஒரு நிமிஷம் உள்ளே போனேன். கையில் இரண்டு குழாய், பக்கத்தில் எந்திரம். அம்புரோஸ் கழுத்தைத் திருப்பிப் பக்கத்துக் கட்டில்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அவர் பெயர் தாமோதரன். மீஞ்சூர். ரயிலில் கார்டாக இருந்தவராம். டயாலிசிஸ் ஆரம்பித்து இது இரண்டாவது தடவை. முகம் வெளிறிப் போயிருந்தது.

"எல்லாம் இல்லாமலே இருந்திருந்தா இன்னா கெட்டுப் பூட்டிருக்கும்? அதைச் சொல்லு நைனா" என்றான் அம்புரோஸ்.

"நீ இருந்திருக்க மாட்டே. நான் நிம்மதியா படுத்திருப்பேன்."

"நீ எங்க படுத்திருப்பே? நீயும்தான் இல்லியே!"

தாமோதரன் என்னைப் பார்த்தார். "இவரு உங்க ஆளா பாய்? சொல்லுங்க இவருக்கு. ஊசி குத்தினதுலேர்ந்து உயிரை எடுக்குறாரு."

"அடியறையில நின்னவனுக்கு விஞ்ச் எங்கே நிக்குதுன்னு தெரியாது நைனா. நான் முப்பது வருசம் யோசிச்சேன் இதை" என்றான் அம்புரோஸ்.

ஆறு நாளைக்கு முன்னால் நான் யோசித்தது. நேற்று நான் சொன்னது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறான்!

தாமோதரன் கண்ணை மூடினார். சோர்வு. மூடியபடியே, "இது நல்லா இல்ல. ரயிலை வெச்சு வேற மாதிரி சொல்லலாம். யோசிக்கணும்" என்றார்.

"யோசி. வியாயக்கெயமை சொல்லு."

"வியாழக்கிழமை வருவனான்னே தெரியல எனக்கு. முடியல."

அம்புரோஸ் குழாய் இல்லாத கையை நீட்டினான். கட்டில்களுக்கு நடுவில் எட்டவில்லை. அந்தரத்தில் அப்படியே வைத்திருந்தான்.

"வராம பூடாத" என்றான். "நான் இங்கதான் கீறேன். உன் பதிலைக் கேக்காம வுடமாட்டேன்."

நர்ஸ் என்னைப் போகச் சொன்னார்.

வியாழக்கிழமை எனக்கு வகுப்பு இருக்கிறது. ரயில்காரர் சொல்வதை அம்புரோஸ்தான் கேட்டு வந்து சொல்ல வேண்டும். நிச்சயம் தன் சரக்கைக் கலந்துதான் சொல்வான், அதைப் பிரித்தெடுக்கவே எனக்கு நாலைந்து நாள் பிடிக்கும். அடுத்த வாரம் இங்கே எழுதுகிறேன். பேனாவில் மை தீரப் போகிறது, புதிதாக ஒன்று வாங்க வேண்டும்.